குடும்பத்துக்கு வீடு வாங்கும் முன் சரியான ஏரியாவைத் தேர்ந்தெடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

வீடு தேடுகிறவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். விளம்பரத்தில் ஒரு வீடு கண்ணில் படுகிறது, சமையலறை பிடித்துவிடுகிறது, அப்புறம் அந்த ஏரியாவும் நல்ல ஏரியாதான் என்று தங்களுக்குத் தாங்களே காரணம் சொல்லிக்கொள்ள ஆரம்பிக்கிறார்கள். வீடு தேடி அலையும் நண்பர்கள், உறவினர்கள் பலரோடு கூடப் போனதில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இதைத்தான். சமையலறையை இடித்துக் கட்டிக்கொள்ளலாம், தெருவை அப்படிச் செய்ய முடியாது.

அதனால் இங்கே வரிசைதான் முக்கியம். மாற்றவே முடியாத விஷயங்களை முதலில் சோதிப்போம், மெதுவாக மாறுகிறவை அடுத்து, நாமே மாற்றிக்கொள்ளக்கூடியவை கடைசி. உட்கார்ந்த இடத்தில் முடிகிற வேலை முன்னால் வரும், நேரில் அலைய வேண்டியது பின்னால். இப்படிச் செய்தால் பத்து ஏரியாக்களில் ஆறேழு, வீட்டை விட்டு நீங்கள் கிளம்புவதற்கு முன்பே கழிந்துவிடும்.

தொடங்கும் முன் தேவையானவை

வங்கி உங்களுக்கு எவ்வளவு கடன் தரும் என்பதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் ஒரு வரைபடச் செயலி, கணினியில் கூகுள் எர்த், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வார நாட்களில் சில காலைப் பொழுதுகளை ஒதுக்க முடிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நேரம் கிடைக்கும் என்றால் இந்த வேலை பாதியில்தான் நிற்கும். ஏன் என்று 6-ஆவது படியில் சொல்கிறேன்.

1. வீட்டு விலையை அல்ல, மாதச் செலவைக் கணக்கிடுங்கள்

தூரத்து ஏரியாவில் வீடு மலிவு. ஆனால் அங்கே போனதும் இரண்டாவது வண்டி வாங்க வேண்டியிருக்கும், எரிபொருள் செலவு ஏறும், பிள்ளையை அழைத்துவர ஓர் ஆளோ வாகனமோ தேவைப்படும். கடன் தவணை, போக்குவரத்து, பராமரிப்புக் கட்டணம், சொத்து வரி, காப்பீடு, தண்ணீருக்கான செலவு எல்லாவற்றையும் கூட்டி, ஏரியாவுக்கு ஒரு வரியாக எழுதுங்கள். விலைப்பட்டியலில் மலிவாகத் தெரிந்த இடம் இந்தப் பட்டியலில் மேலே ஏறிவிடுவது சாதாரணமாக நடக்கும்.

வங்கி தரும் உச்ச வரம்பை உங்கள் பட்ஜெட் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வங்கி பார்ப்பது தவணை திரும்பி வருமா என்பதை மட்டும்தான். தவணை போக மிச்சப் பணத்தில் உங்கள் மாதம் ஓடுமா என்பது அதன் கவலை இல்லை.

2. குடும்பத்தின் ஒரு வாரத்தை எழுதிப் பாருங்கள்

எல்லோரும் உட்கார்ந்து, வீட்டில் யார் எந்த நாளில் எத்தனை மணிக்கு எங்கே போகிறார்கள் என்று எழுதுங்கள். வேலை, பள்ளி, பாட்டு வகுப்பு, மருத்துவர், பெற்றோர் வீடு, வாராந்திரச் சாமான் எதையும் விடாதீர்கள். ஏரியாவைப் பற்றிய விவாதங்களில் பெரும்பாலும் வேலைக்குப் போகிறவரின் அலுவலகம் மட்டுமே பேசப்படும். பகல் முழுவதும் அந்த ஏரியாவில் இருக்கப்போகிற தாத்தா பாட்டியும் சின்னப் பிள்ளைகளும் கணக்கிலேயே வருவதில்லை.

அதற்குக் கீழே இன்னொரு பட்டியல். பத்து ஆண்டுகள் கழித்து இதே வாரம் எப்படி இருக்கும்? இப்போது நான்கு வயதுள்ள பிள்ளை அப்போது தனியாக எங்கெங்கோ போய்வர விரும்பும். அறுபத்தைந்து வயதுத் தந்தையால் அப்போது வண்டி ஓட்ட முடியாமல் போகலாம். வேலை மாறலாம். இன்றைய அலுவலகத்துக்குப் பக்கத்தில் என்பதைவிட, பல அலுவலகங்களுக்குப் போகிற வழியில் என்பது நீண்ட நாளைக்குத் தாங்கும்.

இந்த இரண்டு பட்டியல்களிலிருந்தும் கட்டாயங்களை மட்டும் தனியே எடுங்கள். மூன்று அல்லது நான்குக்கு மேல் போகக் கூடாது. பத்துக் கட்டாயங்கள் என்று சொல்கிறவருக்கு உண்மையில் கட்டாயம் எதுவும் இல்லை என்றுதான் அர்த்தம். கணவனும் மனைவியும் தனித்தனியாக எழுதிவிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள். கருத்து வேறுபாடு எங்கே என்பது முன்பணம் கொடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.

3. தூரத்தை நேரத்தால் அளங்கள்

'பன்னிரண்டு கிலோமீட்டர்தான்' என்பதில் எந்தத் தகவலும் இல்லை. காலை எட்டரை மணிக்கு அலுவலக வாசலில் இருக்க வேண்டும் என்றால் வீட்டிலிருந்து எப்போது கிளம்ப வேண்டும்? கேட்க வேண்டிய கேள்வி அதுதான். கூகுள் மேப்ஸில் 'இத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும்' என்று நேரம் குறித்துப் பார்க்கலாம். ஒரு வார நாளைத் தேர்ந்தெடுங்கள். அது இத்தனை நிமிடத்திலிருந்து இத்தனை நிமிடம் வரை என்று ஒரு வீச்சைக் காட்டும், பெரிய எண்ணையே எழுதிக்கொள்ளுங்கள். மாலையில் திரும்பி வருவதற்குத் தனியாகப் பாருங்கள், இரண்டும் ஒரே அளவு இருக்காது. பேருந்தோ ரயிலோ என்றால் நிறுத்தத்துக்கு நடக்கும் நேரமும் காத்திருக்கும் நேரமும் சேர வேண்டும்.

கூடுதலாகப் பதினைந்து நிமிடம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். போக வர அரை மணி நேரம். ஆண்டுக்கு 240 வேலை நாட்கள் என்றால் 120 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாகப் பார்த்தால் ஆண்டுக்குப் பதினைந்து முழு நாட்கள் சாலையில் போகின்றன. அதுவும் ஒருவருக்கு மட்டும்.

புரூனோ ஃபிரை, அலாய்ஸ் ஸ்டட்ஸர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஜெர்மனியின் குடும்பங்களைப் பற்றிய தரவுகளை ஆராய்ந்து ஒன்றைக் கண்டார்கள். நீண்ட தூரம் பயணம் செய்து வேலைக்குப் போகிறவர்கள், மற்றவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையில் திருப்தி குறைவு என்றே சொல்கிறார்கள். கிடைக்கும் நல்ல சம்பளமோ பெரிய வீடோ அந்தக் குறையை முழுவதுமாக ஈடுகட்டுவதில்லை. பெரிய வீடு சில மாதங்களில் பழகிவிடுகிறது, நெரிசல் பழகுவதில்லை என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

சரி, ஆளுக்கு ஓர் உச்ச வரம்பு வையுங்கள். அதைத் தாண்டும் ஏரியாக்களை இப்போதே அடித்துவிடுங்கள்.

4. நிலத்தையும் தண்ணீரையும் பாருங்கள்

இந்தப் படியைத்தான் அதிகம் பேர் தவிர்க்கிறார்கள். பெரிய இழப்பு வருவதும் இங்கேதான்.

'நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்' என்ற சொல் நிறையப் பேரை ஏமாற்றுகிறது. போன ஆண்டு வந்துவிட்டதே, இனி நூறு ஆண்டுக்குக் கவலை இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதன் பொருள் எந்த ஓர் ஆண்டிலும் அந்த அளவு வெள்ளம் வர நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதுதான். முப்பது ஆண்டு வீட்டுக் கடனை எடுத்துக்கொண்டால், அந்தக் காலத்துக்குள் ஒருமுறையாவது அது வருவதற்கான வாய்ப்பு சுமார் 26 சதவீதம். நான்கில் ஒன்றுக்கும் சற்று மேல். கடன் முடிவதற்குள் வீடு மூழ்க நான்கில் ஒரு வாய்ப்பு என்று யாராவது நேராகச் சொல்லியிருந்தால் நீங்கள் கையெழுத்துப் போடுவீர்களா?

அரசு வெளியிடும் வெள்ள அபாய வரைபடம் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். அடுத்து கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்களை ஆண்டு வாரியாகப் பின்னோக்கி நகர்த்துங்கள். இன்று மனைப்பிரிவாக இருக்கும் இடம் சில ஆண்டுகளுக்கு முன் நீர்நிலையாகவோ வாய்க்காலாகவோ இருந்தால் படத்திலேயே தெரியும். அதே செயலியில் சுட்டியை நகர்த்தினால் கடல் மட்டத்திலிருந்து உயரமும் தெரியும். சுற்றுப்புறத்தைவிட இந்தத் தெரு தாழ்ந்திருந்தால் மழைநீர் எங்கே வரும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. அந்த உயரக் கணக்கில் சில மீட்டர் பிழை இருக்கலாம். சின்ன வித்தியாசங்களை நம்பிவிடாமல், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை மழை நாளில் நேரில் உறுதிசெய்யுங்கள்.

நேரில் போகும்போது கவனிக்க வேண்டிய தடயங்கள் உண்டு. சுற்றுச்சுவர்களில் ஒரே உயரத்தில் ஓடும் அழுக்குக் கோடு. புதிய வீடுகளின் அடித்தளம் மட்டும் பழைய வீடுகளைவிட மிக உயரமாக இருப்பது. வாசலில் பின்னால் கட்டிய சிறு தடுப்புச் சுவர். மின்பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கி மாட்டியிருப்பது. அந்தத் தெருக்காரர்கள் வாயால் சொல்லாததை அவர்கள் வீடுகள் சொல்லிவிடும்.

மலைச்சரிவு என்றால் மேலே இருக்கும் மண்ணைப் பாருங்கள். சாய்ந்து நிற்கும் மரங்கள், சாலையில் திரும்பத் திரும்ப ஒட்டுப்போட்ட விரிசல்கள் நல்ல அறிகுறி இல்லை. அடுத்து குடிநீர் எங்கிருந்து வருகிறது, வறண்ட மாதங்களிலும் வருகிறதா, கழிவுநீர் எங்கே போகிறது என்று கேளுங்கள்.

இந்தப் படியில் தோற்ற ஏரியாவுக்கு மன்னிப்புக் கிடையாது. பூங்கா எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

5. சத்தமும் காற்றும்

உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பியப் பகுதிக்காக 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, சாலைப் போக்குவரத்தின் சராசரிச் சத்தம் 53 டெசிபலுக்கும், இரவில் 45 டெசிபலுக்கும் கீழே இருக்க வேண்டும். கைப்பேசிச் செயலியில் அளக்கலாம். துல்லியமாக இருக்காது, ஆனால் இரண்டு தெருக்களை ஒப்பிடப் போதும். டெசிபல் கணக்கு நேர்கோட்டில் போவதில்லை என்பதை நினைவில் வையுங்கள். 10 டெசிபல் கூடினால் காதுக்குச் சத்தம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகத் தோன்றும்.

காற்று விஷயத்தில் தூரம் பெரிய வேலை செய்கிறது. பெரிய நெடுஞ்சாலையின் வாகனப் புகை 300 முதல் 500 மீட்டர் வரை அதிகமாகப் பாதிக்கும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. சாலைக்கு முதல் வரிசையில் இருக்கும் வீட்டுக்கும் நான்கு தெரு உள்ளே இருக்கும் வீட்டுக்கும் பெயர் ஒரே ஏரியாதான், சுவாசிக்கும் காற்று வேறு. ஆஸ்துமா உள்ள பிள்ளையோ முதியவரோ வீட்டில் இருந்தால் இதைக் கட்டாயங்களின் பட்டியலுக்கே கொண்டுபோங்கள்.

குப்பைக் கிடங்கு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், தொழிற்சாலை, விமானப் பாதை, ரயில் பாதை எல்லாவற்றையும் வரைபடத்தில் குறியுங்கள். காற்றின் திசை பருவத்துக்குப் பருவம் மாறும். நீங்கள் போன நாளில் நாற்றம் இல்லை என்பதால் எப்போதும் இருக்காது என்று ஆகாது.

6. நான்கு வேறு நேரங்களில் போய்ப் பாருங்கள்

இதுவரை மிஞ்சிய ஏரியாக்களுக்கு மட்டும் இனி நேரில் போக வேண்டும். வீடு காட்டுகிறவர்கள் பெரும்பாலும் விடுமுறை நாள் காலையில் கூப்பிடுவார்கள். எந்தத் தெருவும் அப்போது அமைதியாகத்தான் இருக்கும்.

வார நாளில் பள்ளி தொடங்கும் நேரத்தில் ஒருமுறை, வேலை முடிந்து திரும்பும் நேரத்தில் ஒருமுறை, இரவு பத்து மணிக்கு மேல் ஒருமுறை, மழை பெய்யும்போதோ பெய்து ஓய்ந்ததுமோ ஒருமுறை போங்கள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நடங்கள். காருக்குள் இருந்தால் நடைபாதை இல்லாதது, தெருவிளக்கு எரியாதது, சாக்கடை மூடி இல்லாதது, தெருநாய்த் தொல்லை எதுவும் தெரியாது. அலுவலகப் பயணத்தையும் உண்மையான நேரத்தில் ஒருமுறை முழுதாகச் செய்து பாருங்கள்.

கைப்பேசி சிக்னலும் இணைய இணைப்பும் அங்கேயே சோதித்துக்கொள்ளலாம். நள்ளிரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எது, அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் பார்த்துவிடுங்கள். வரைபடத்தில் ஐந்து மருத்துவமனைகள் தெரியும், இரவில் அவசரப் பிரிவு இயங்குவது அதில் ஒன்றாக இருக்கலாம்.

7. பள்ளியைத் தரவரிசையால் மட்டும் எடைபோடாதீர்கள்

தேர்ச்சி விகிதம் பள்ளியின் கற்பித்தலை மட்டும் காட்டுவதில்லை. அங்கே சேரும் பிள்ளைகளின் குடும்பப் பின்னணியையும், யாரைச் சேர்க்கிறார்கள் யாரை வடிகட்டுகிறார்கள் என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. நேரில் போய் ஆசிரியர்கள் அடிக்கடி மாறுகிறார்களா, வகுப்பில் எத்தனை பேர், பின்தங்கும் பிள்ளையை என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலில் அந்தப் பள்ளியின் குணம் தெரியும்.

முகவரியைப் பார்த்துச் சேர்க்கை தரும் பள்ளி என்றால், எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பதைப் பள்ளியிடமோ கல்வித்துறையிடமோ நேரடியாகக் கேளுங்கள். தெருவின் ஒரு பக்கம் உள்ளே, மறுபக்கம் வெளியே என்று இருக்கும். விற்பவரின் வாய்மொழியை நம்பி வாங்கிவிட்டு, எல்லைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

அப்புறம், பிள்ளை நடந்து போகும் வழியை நீங்களே நடந்து பாருங்கள். வரைபடத்தில் 400 மீட்டர் என்பது ஐந்து நிமிட நடை. ஆனால் நடுவே கடக்க முடியாத ஒரு பெரிய சாலை இருந்தால் அந்த ஐந்து நிமிடத்துக்கு மதிப்பில்லை. வாகன வேகத்தையும் கவனியுங்கள். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் வண்டியைவிட 50 கி.மீ. வேகத்தில் வரும் அதே வண்டியின் மோதல் ஆற்றல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

8. பாதுகாப்பு: பேச்சையும் தரவையும் பிரித்துப் பாருங்கள்

'அந்த ஏரியா மோசம்' என்று சொல்பவரிடம், கடைசியாக எப்போது போனீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். கெட்ட பெயர் பல ஆண்டுகள் பழையதாக இருக்கும், சில நேரம் அங்கே வாழும் மக்களைப் பற்றிய தப்பெண்ணமாகவும் இருக்கும். காவல்துறை வெளியிடும் எண்ணிக்கை கிடைத்தால் எந்த வகைக் குற்றம் என்று பிரியுங்கள். கடைத்தெருவில் வண்டித் திருட்டு அதிகம் பதிவாவதும் குடியிருப்புத் தெருவில் வீடு புகுந்து திருடுவதும் ஒன்றல்ல. மேலும் பகலில் ஆயிரக்கணக்கானோர் வந்துபோகும் இடத்தை, குடியிருப்போர் தொகையால் மட்டும் வகுத்தால் குற்ற விகிதம் ஊதித் தெரியும்.

நேரில் பார்க்க வேண்டியது எளிது. இருட்டிய பிறகு பெண்கள் தனியாக நடக்கிறார்களா? பிள்ளைகள் வெளியே விளையாடுகிறார்களா? தெருவைப் பார்த்த சன்னல்களும் வாசல்களும் உள்ளனவா, அல்லது இரு பக்கமும் உயரமான சுற்றுச்சுவர் மட்டும்தானா?

9. அங்கே குடியிருப்பவர்களிடம் பேசுங்கள்

தரகரும் விற்பவரும் பொய் சொல்வார்கள் என்று சொல்லவில்லை. நீங்கள் கேட்காததைத் தாமாகச் சொல்ல அவர்களுக்குக் காரணம் இல்லை, அவ்வளவுதான். சொந்த வீட்டுக்காரர்களும் கொஞ்சம் பூசித்தான் பேசுவார்கள், தங்கள் சொத்தின் மதிப்பு அவர்களுக்கு முக்கியம். வாடகைக்கு இருப்பவர்களும் தெருமுனைக் கடைக்காரரும் தயங்காமல் பேசுவார்கள்.

'ஏரியா எப்படி?' என்று கேட்டால் 'நல்லாயிருக்கு' என்றுதான் பதில் வரும். நடந்ததைக் கேளுங்கள். போன மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரை வந்தது? கடைசியாக எப்போது மின்சாரம் போனது, எவ்வளவு நேரம்? குப்பை வண்டி எந்த நாட்களில் வரும்? இங்கிருந்து கிளம்பிப் போனவர்கள் ஏன் போனார்கள்? கடைசிக் கேள்வியைக் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள், பேச்சு தானாக வரும்.

அடுக்குமாடி என்றால் குடியிருப்போர் சங்கத்தின் கணக்கையும் கூட்டக் குறிப்புகளையும் பார்க்கக் கேளுங்கள். நிலுவை, வழக்கு, ஒத்திப்போட்ட பழுது எல்லாம் அதில் இருக்கும்.

10. வரப்போவதைச் சரிபாருங்கள்

உள்ளாட்சி அலுவலகத்தில் அந்தப் பகுதியின் நிலப் பயன்பாட்டுத் திட்டம் கிடைக்கும். எதிரே இருக்கும் காலி மனை எந்த வகை? வணிகமா, குடியிருப்பா, தொழிலா? எத்தனை மாடி வரை அனுமதி? மாடியிலிருந்து தெரியும் திறந்த வெளி வேறொருவரின் சொத்து என்றால், அந்தக் காட்சிக்காக விலை கூட்டிக் கொடுக்காதீர்கள். சாலை அகலப்படுத்தும் திட்டம் உங்கள் மனையைத் தொடுகிறதா என்பதையும் அங்கேயே கேளுங்கள்.

'ரயில் நிலையம் வரப்போகிறது' என்பதை என்ன செய்வது? என் யோசனை கறாரானது. கட்டுமானம் கண்ணில் தெரியாத எதற்கும் மதிப்பு பூஜ்யம் என்று வையுங்கள். அது வராவிட்டாலும் இந்த ஏரியாவில் சந்தோஷமாக இருப்பீர்களா? ஆம் என்றால் வாங்குங்கள், வந்தால் லாபம். கெட்ட செய்திக்கு மட்டும் எதிர்மாறான விதி. நெடுஞ்சாலையோ தொழிற்பேட்டையோ திட்டத்தில் இருந்தால் அது வந்துவிட்டதாகவே நினைத்து முடிவெடுங்கள்.

11. மதிப்பெண் கூட்டாதீர்கள்

பலர் ஒரு அட்டவணை போட்டு, பள்ளிக்கு எட்டு, பூங்காவுக்கு ஒன்பது, வெள்ளத்துக்கு மூன்று என்று மதிப்பெண் கொடுத்துக் கூட்டுகிறார்கள். மொத்தத்தில் முதலிடம் வரும் ஏரியா மழைக்காலத்தில் மூழ்கும் ஏரியாவாக இருக்கலாம். பூங்காவின் ஒன்பது வெள்ளத்தின் மூன்றை மறைத்துவிடுகிறது.

கட்டாயங்களுக்கு ஆம், இல்லை என்ற இரண்டே பதில்தான். ஓர் 'இல்லை' வந்தாலும் அந்த ஏரியா வெளியே. எல்லாவற்றிலும் தேறியவற்றுக்கு மட்டும், விருப்பங்களை வைத்து ஒப்பிடலாம். பெரும்பாலும் இரண்டு ஏரியாக்கள்தான் மிஞ்சும். முடிந்தால் அவற்றில் ஒன்றில் சில மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். இடம் மாறும் செலவும் அலைச்சலும் உண்டுதான், ஆனால் பிடிக்காத வீட்டை விற்று வெளியேறும் செலவோடு ஒப்பிட்டால் அது சின்னது.

12. இப்போது வீடு தேடுங்கள்

மிஞ்சிய ஏரியாக்களுக்குள் மட்டும் தேடுங்கள். வெளியே ஓர் அருமையான வீடு மலிவாக வருகிறது என்று யாராவது கூப்பிடுவார்கள், அது நிச்சயம் நடக்கும். போய்ப் பார்க்காதீர்கள், பார்த்தால் மனம் இளகிவிடும்.

தேடியும் பட்ஜெட்டில் எதுவும் கிடைக்கவில்லை என்றால் வீட்டின் அளவைக் குறையுங்கள், பழைய வீட்டைப் பாருங்கள், அல்லது காத்திருங்கள். கட்டாயங்களைத் தளர்த்தாதீர்கள். உள்ளே ஓர் அறை குறைவாக இருப்பதற்கு ஏதாவது வழி செய்துகொள்ளலாம்.

வீடு அமைந்ததும், முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்த ஒரு வீட்டுக்காக 4, 6, 9 ஆகிய படிகளை மறுபடி செய்யுங்கள். ஏரியா தேறியிருந்தாலும் அதற்குள் ஒரு தெரு தாழ்வாக இருக்கலாம், ஒரு மூலை வீட்டுக்கு மட்டும் இரவெல்லாம் லாரிச் சத்தம் கேட்கலாம். பத்திரங்களைச் சரிபார்க்க வழக்கறிஞரிடம் கொடுக்கும் வேலை அதற்கு அடுத்தது.